படம் நிக்கிற கேபிள்

மூன்றாவது கேபிளும் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் செத்துப்போனது.

பாண்டியராஜ் அப்போது ஸ்டூலில் உட்கார்ந்து, கழுத்தை ஒருபக்கம் சாய்த்து, மானிட்டருக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்திருந்தான். மானிட்டருக்குள் அவன் பெண்டாட்டி இந்துமதி, குவைத்தில் ஒரு வீட்டுச் சமையல்கட்டில் நின்றபடி பேசிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமை மத்தியானம் குடும்பத்தோடு விருந்துக்குப் போய்விடுவார்கள். அந்த நேரம்தான் அவளுக்குச் சொந்தம்.

"மேடம் ஒரு விசயம் கேட்டாங்க" என்று ஆரம்பித்தாள். படம் ஒருதரம் துடித்தது. குறுக்கே பச்சைக் கோடு ஒன்று ஓடியது. அப்புறம் இருட்டு. குரல் மட்டும் எங்கோ பக்கவாட்டிலிருந்து வந்தது. படம் அறுந்தால் சத்தம் லேப்டாப்புக்கு ஓடிவிடும். லேப்டாப் வலப்பக்கச் சுவர் அலமாரியில் இருந்தது.

"இந்த மாசத்தோட அக்ரிமெண்டு முடியுதுல்லா. இன்னும் ரெண்டு வருசம் இருக்கியான்னு கேக்காங்க. என்ன சொல்லட்டும்?"

"நீ என்ன நெனைக்கே?"

"எனக்கென்ன. நல்லாத்தான இருக்கேன்."

பாண்டியராஜ் கேபிளின் தலைப்பைப் பிடித்து ஆட்டினான். இருட்டு இருட்டாகவே இருந்தது.

"அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லுதேன்" என்றான்.

"இதுல ஒரு வாரம் யோசிக்க என்ன இருக்கு?"

"இருக்குளா. சொல்லுதேன்னா சொல்லுதேன்."

அவன் யோசிக்க ஒன்றுமில்லை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இந்துமதி குரலை நம்ப முடியாது. உப்பளத்தில் உப்பு வாரிய காலத்தில், காய்ச்சல் நெருப்பாகக் கொதிக்கும்போதும் அந்தக் குரல் "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் சொல்லும். ஆனால் முகத்தை வைத்துப் பொய் சொல்ல அவளுக்கு வராது. பொய் சொல்லும்போது கீழுதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொள்வாள். கல்யாணமான புதிதிலேயே அவன் கண்டுபிடித்துவிட்டான். அவளுக்கே தெரியாது, இவனும் சொன்னதில்லை.

மகள் ஜெயபிரியாவைப் பக்கத்துப் புதுக்கோட்டையில் கட்டிக்கொடுத்த கையோடு, ரெண்டே வருசம் என்று சொல்லிப் போனவள். அந்த ரெண்டு வருசம் முடிந்தபோதும் இதே கேள்வி வந்தது. அப்போது போனில் கேட்டாள். இவன் "உன் இஷ்டம்" என்றான். அவள் "நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். முடிந்தது கதை. போனை வைத்த பிறகுதான், அந்த நேரத்தில் அவள் உதடு எப்படி இருந்திருக்கும் என்ற நினைப்பு வந்து அவனைப் பிடித்துக்கொண்டது. பிடித்தது இன்னும் விடவில்லை. முள்ளக்காட்டுக்குத் தெற்கே அளத்தில் மோட்டார் ஓடும்போதும், பாத்தியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து நிற்கும்போதும், ராத்திரிச் சோற்றைத் தனியாகப் போட்டுத் தின்னும்போதும் அந்த உதடுதான். முன்பெல்லாம் கருக்கலில் ரெண்டு பேரும் அளத்துக்கு நடந்து போவார்கள். அவள் முன்னால், இவன் பின்னால். அவள் குதிகாலில் வெடிப்பு ஆழமாக இருக்கும். மண்ணில் ஒருமாதிரிச் சரசரவென்று உரசும். சாயங்காலம் அந்த வெடிப்பில் இவன் தேங்காய் எண்ணெய் வைத்து அழுத்துவான், அவள் காலை உதறிக்கொண்டு வைவாள். அந்த வசவு காதில் விழாமல் இப்போதெல்லாம் அவனுக்குச் சாயங்காலம் சாயங்காலமாக இல்லை.

முகத்தைப் போனிலேயே பார்க்கலாமே என்று யாரும் கேட்கலாம். பார்க்க முடியாது. முப்பது வருச வெயிலும் வெள்ளை உப்பும் சேர்ந்து அவன் கண்ணைத் தின்றிருந்தன. அளத்தில் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். வேர்வையில் அது மூக்கில் நின்றால்தானே? கண் முகாமில் பார்த்த டாக்டர், இது புரை இல்லை, உள்ளே பின்னால் உள்ள நரம்பு, கண்ணாடி போட்டாலும் ஆபரேசன் செய்தாலும் திரும்பாது என்று சொல்லிவிட்டார். நேராக எதைப் பார்த்தாலும் நடுவில் கையளவுக்கு ஒரு புகை. சுற்றி எல்லாம் தெரியும், பார்க்க வேண்டியது மட்டும் புகைக்குள் போய்விடும். போனில் இந்துமதி முகம் முழுசாக அந்தப் புகைக்குள் அடங்கிப்போகும். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் ஒரு காது தெரியும், கொஞ்சம் முந்தானை தெரியும்.

இது இந்துமதிக்குத் தெரியாது. மகளுக்குத் தெரியும்.

"சொல்லிருங்கப்பா" என்பாள் ஜெயபிரியா, போன் பண்ணும்போதெல்லாம்.

"சொன்னா அடுத்த பிளைட்டுல வந்து நிப்பா."

"நிக்கட்டுமே. உங்களுக்கு அதானே வேணும்?"

"நொண்டி ஆட்டுக்குக் குழை ஒடிச்சுப் போட வாரமாதிரி வரணுமா? அவளுக்கா வரணும்னு இருந்தா வரட்டும்."

"ஒங்க ரெண்டு பேர் வீம்பையும் வச்சு ஒரு கோட்டை கட்டலாம்" என்பாள் மகள்.

அவள்தான் வழியும் செய்தாள். பள்ளிக்கூடத்தில் கவர்மெண்டு கொடுத்த லேப்டாப் அவளிடம் இருந்தது. அவள் பிள்ளை ஏறி உட்கார்ந்து திரை உடைந்துபோன லேப்டாப். ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸை மூடியபோது மாப்பிள்ளை பெரிய மானிட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ரெண்டையும் ஒரு கேபிளால் கோர்த்தால் இந்துமதி முகம் அரிசி புடைக்கிற சுளகு அகலத்துக்கு வந்து நின்றது. அந்த அகலத்துக்குப் புகை போதவில்லை. கண் தனி, மூக்கு தனி, வாய் தனி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். அன்றைக்கு அவன் ஸ்டூலை விட்டு எழவே இல்லை.

ஆனால் படம் நிற்க மாட்டேன் என்றது. முதல் கேபிள் முள்ளக்காடு பால்துரை கடையில் வாங்கியது. சில வாரம் ஓடியது. செத்ததும் அதே கடையில் அதைவிட ஒசத்தியாக ஒன்று. மூன்றாவது, தலைப்பு தங்க நிறத்தில் மின்னும், மேலெல்லாம் நூல் பின்னல் போட்டது. "இது பேரன் காலத்துக்கும் வரும் மாமா" என்றான் பால்துரை. அடுத்த மாதத்துக்கே வரவில்லை.

சனிக்கிழமை அளத்தில் மோட்டாரைப் போட்டு, தண்ணீர் ஏற்றி, உச்சிவேளையில் நிறுத்திவிட்டு அவன் டவுன் பஸ் ஏறினான். மகள் சொன்ன கடை டபிள்யூ.ஜி.சி. ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் இருந்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. வைத்து நடத்துகிறவள் வேல்விழி. முப்பத்தைந்து வயசு இருக்கும், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பெட்டியின் வயிற்றைக் கிழித்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் அம்புரோஸ் என்று ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் தன் பிரிண்டருக்காகக் காத்திருந்தார்.

பாண்டியராஜ் தோளிலிருந்த சாக்கை மெதுவாக இறக்கி மேசைமேல் வைத்தான்.

"மூட்டையில என்ன அண்ணாச்சி, உப்பா?" என்றாள் வேல்விழி.

"லேப்டாப்பும்மா."

"லேப்டாப்பை யாராச்சும் சாக்குல கட்டிக் கொண்டாருவாவளா?"

"உரச்சாக்கு. உள்ள பாலித்தீன் இருக்குல்லா. சொட்டு ஈரம் எறங்காது."

அம்புரோஸ் சிரித்தார். "அவரு சொல்லுததும் சரிதான். நான் பிரிண்டரைச் சும்மா தூக்கிட்டு வந்தேன், மழை பிடிச்சிக்கிட்டு."

"என்ன கோளாறு?" என்று கேட்டாள் வேல்விழி.

"இதுல ஒரு கோளாறும் இல்ல. கேபிளுதான் சரியில்ல. மூணு மாத்திட்டேன்." செத்த கேபிள்கள் மூன்றையும் எடுத்து வரிசையாகப் போட்டான். "எனக்குப் படம் நிக்கிற கேபிள் ஒன்னு வேணும். வெலை எப்படி இருந்தாலும் சரி. படம் அறுந்துரக் கூடாது."

வேல்விழி தங்கத் தலைப்புக் கேபிளை எடுத்தாள். லேப்டாப்பில் சொருகப் போனவள் நிறுத்தி, விரலை விரலோடு தேய்த்துப் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

"இது என்ன, பிசுபிசுன்னு?"

"கிரீஸு."

"கிரீஸா?"

"நல்ல கிரீஸும்மா. மோட்டாருக்கு வைக்கிறது. மட்டமான சாமான் இல்ல."

"இதுல யாரு வச்சா?"

"நாந்தான்." அவனுக்கு அதைச் சொல்வதில் ஒரு நிமிர்வுகூட இருந்தது. "மூணுலயும் வச்சிருக்கேன். லேப்டாப்பு ஓட்டையிலயும் வச்சேன். மானிட்டர்லயும் தீக்குச்சியால அடி வரைக்கும் கொண்டுபோயி வச்சிருக்கேன். எங்க வீடு கடல்காத்துக்கு நேரே. வைக்கலைன்னா ஒரு மாசத்துல செம்பு பச்சை பூத்துரும்."

அம்புரோஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எஞ்சினுக்கு சர்வீஸ் முடிச்சுல்லா கொண்டாந்திருக்காரு. இனி ஓடவேண்டியதுதான் பாக்கி."

வேல்விழி சிரிக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, விளக்கை இழுத்து, லேப்டாப் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். கறுப்பாக ஒரு குழம்பு அடைத்திருந்தது. கிரீஸும் தூசியும் உப்பும் சேர்ந்து இறுகியது.

"அண்ணாச்சி, அளத்துல ஸ்டார்ட்டர்ல ஒயரு மாட்டும்போது எப்படி மாட்டுவிய?"

"சுரண்டி வெளுக்க வச்சு, முறுக்கி, ஸ்க்ரூ போட்டு இறுக்குவேன்."

"கிரீஸ் எப்ப வைப்பிய?"

"இறுக்குன பிறகு, மேல."

சொன்ன பிறகு அவனே நிறுத்திக்கொண்டான்.

"அதேதான்" என்றாள். "அங்க செம்பும் செம்பும் முதல்ல இறுக்கமா ஒட்டிருது. இதுல இறுக்க ஸ்க்ரூ கெடையாது. உள்ள பத்தொன்பது முள்ளு, தலைமுடி மொத்தத்துல. சும்மா ஒன்னையொன்னு தொட்டுக்கிட்டு நிக்குது. நடுவுல கிரீஸை விட்டா எப்படித் தொடும்? புதுசுல கொஞ்ச நாள் தொட்டிருக்கும். தூசி சேர்ந்து இறுகினதும் விட்டிருக்கும்."

பாண்டியராஜ் செத்த கேபிள்களைப் பார்த்தான். பார்த்தான் என்றால், அவை கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பார்த்தான். மூன்றையும் கொன்றது காற்றில்லை, பால்துரையில்லை, தான்தான் என்று விளங்கியதும் உடம்பு கூசியது. பெரிய அநியாயமாகப் பட்டது. அவன் வாழ்க்கையில் ஒழுங்காகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். எத்தனை மழைக்காலம் அவன் கிரீஸ் வைத்த மோட்டார் முதல் தட்டில் எழுந்து ஓடியிருக்கிறது.

"லேப்டாப்பும் போச்சா?"

"இருங்க, பாப்போம்."

ஸ்பிரிட்டில் சின்னப் பிரஷ்ஷை நனைத்து அவள் சுரண்டத் தொடங்கினாள். நேரம் ஆயிற்று. அம்புரோஸ் பிரிண்டரைப் பற்றி ஒருதரம் கேட்டு, அவள் நிமிராததால் சும்மா இருந்துவிட்டார். பாண்டியராஜ் நின்றுகொண்டே இருந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஒரு முள் லேசாக வளைந்திருந்தது. ஊசியால் நெம்பி நிமிர்த்தினாள். கடை மானிட்டரில் கோர்த்து ஸ்விட்சைப் போட்டாள். நீல வெளிச்சம் வந்தது.

"பிழைச்சிக்கிட்டு" என்றாள். "வீட்டு மானிட்டரை இதே மாதிரி இந்த ஸ்பிரிட்டால துடைங்க. தீக்குச்சியால குத்தாதிய. பஞ்சும் வேண்டாம், நூலு மாட்டும். இந்தப் பிரஷ்ஷைக் கொண்டுபோங்க."

"இப்பக் கேபிளு?"

அவள் அலமாரியிலிருந்து நாலைந்தை எடுத்துப் போட்டாள். அவன் கை, பழக்கத்தில், தடவித் தடவி நூல் பின்னல் போட்டதிலேயே போய் நின்றது.

"பின்னலைப் பாத்து வாங்காதிய. மேல உரசுனா தாங்கும், அவ்வளவுதான். தங்கமும் அப்படித்தான், எல்லாத்துலயும் பேருக்கு ஒரு பூச்சு இருக்கும். படத்தை நிப்பாட்டுறது இந்தத் தலைப்பு உக்காருற இறுக்கம்தான்." ஒவ்வொன்றாக மானிட்டரில் சொருகி, தலைப்பைப் பிடித்து லேசாக ஆட்டினாள். பின்னல் போட்டது ஆட்டியதும் கண் சிமிட்டியது. இன்னொன்று சொருகும்போதே தொளதொளத்தது. கறுப்பாக, பார்வைக்கு ஒன்றுமில்லாத ஒரு கேபிள் மட்டும் எப்படி ஆட்டியும் படத்தை விடவில்லை. அதன் உறையில் ஒட்டியிருந்த சான்று முத்திரையைப் போனைக் காட்டிச் சரிபார்த்தாள்.

"இதுல அஞ்சு மீட்டர் குடு."

"எதுக்கு அவ்வளவு?"

"லேப்டாப்பு அலமாரியில இருக்கும். மானிட்டர் அடுத்த சுவத்துல."

"நீளம் கூடுனா வம்பும் கூடும் அண்ணாச்சி. ஒன்றரை மீட்டர் போதும். லேப்டாப்பைக் கொண்டுவந்து மானிட்டருக்குப் பக்கத்துல வைங்க. மடக்கி முறுக்காதிய. சொருகுனது சொருகுனபடி கிடக்கட்டும். மேல ஒரு துணியைப் போட்டு மூடுங்க, போதும்."

"கழட்ட வேண்டாமா?"

"ஏன், இப்பக் கழட்டுவியளா?"

"பேசி முடிச்சதும் கழட்டி அரிசிப் பானைக்குள்ள வச்சிருவேன். அளத்துல பியூஸ் கட்டையை அப்படித்தான பிடுங்கி வீட்டுக்குக் கொண்டாருவோம். விட்டுட்டு வந்தா எவனாவது மோட்டாரைப் போட்டுருவான்."

இப்போது வேல்விழிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க வீட்டுக்குள்ள வந்து எவன் அண்ணாச்சி படத்தைப் போடப் போறான்?"

"அப்படி யாரைப் பாக்கதுக்கு இவ்வளவு பாடு?" என்று கேட்டார் அம்புரோஸ். "கிரிக்கெட்டா?"

"வீட்டுக்காரியை" என்றான் பாண்டியராஜ். "குவைத்துல இருக்கா."

அதற்குப் பிறகு அம்புரோஸ் கேலி பேசவில்லை.

காசைக் கொடுத்துவிட்டு, கேபிளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அவன் வாசல் வரை போய்த் திரும்பி வந்தான். "வெள்ளிக்கிழமை நிக்குமாம்மா? அன்னிக்கு மட்டும் அறுந்துரக் கூடாது."

"நிக்கும் அண்ணாச்சி. நிக்கலைன்னா கொண்டாந்து என் மூஞ்சியில எறிங்க."

அந்த வாரம் மெதுவாகத்தான் போனது. காற்று மாறி மேல்காற்று அடித்தது, உப்பு நன்றாக இறங்கியது. லாரிகள் வரிசையாக வந்து நின்றன. பெண்கள் தலைச்சுமையாக உப்பைக் கொண்டுபோய்க் கொட்டுவதை மோட்டார் கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்தில் வருகிறவள் முகம் எப்போதும் புகைக்குள்தான். முகம் இல்லாத உடம்பாக நடந்து வருவார்கள். அதில் ஒருத்தி இந்துமதியாக இருந்தால் என்று நினைத்துக்கொள்வது அவனுக்குச் சுலபமாக இருந்தது. கிட்டே வந்து "என்ன மாமா, மோட்டாரு முக்குது?" என்று அடுத்தவள் குரல் கேட்கும்போதுதான் அது கலையும்.

சொல்ல வேண்டியதை அவன் தயார் செய்து வைத்திருந்தான். முதலில் நல்லாருக்கியா என்று கேட்பது. அவள் நல்லாத்தான் இருக்கேன் என்பாள். உதடு உள்ளே போகும். போனதும், "பொய் சொல்லாதளா, வந்திரு" என்று சொல்லிவிடுவது. உதடு உள்ளே போகும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. யாரோ ஒருத்தி வீட்டில் யாரோ ஒருத்தி பிள்ளைக்கு உடுப்பு துவைத்துக்கொண்டு எவள் நன்றாக இருப்பாள்?

வெள்ளிக்கிழமை அளத்திலிருந்து வந்ததும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டான். மானிட்டர்மேல் மூடியிருந்த துணியை எடுத்தான். லேப்டாப் இப்போது மானிட்டரின் வலது பக்கம், ஒரு முக்காலியில் இருந்தது. மூடியைத் திறந்து வைத்து, போனில் நெட்டைப் போட்டான். நீல வெளிச்சம் வந்து நின்றது. தலைப்பைத் தொடவே இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டான்.

இந்துமதி வந்தாள்.

கேபிள் நல்ல கேபிள்தான். ஒரு துடிப்பு இல்லை, ஒரு கோடு இல்லை. பாண்டியராஜ் கழுத்தைச் சாய்த்து, வழக்கம்போல் ஒவ்வொன்றாகப் பார்த்தான். நெற்றி. வகிட்டில் நரை. காதில் அவன் வாங்கிக்கொடுத்த கம்மல். அப்புறம் கன்னம். கன்னத்தில் வந்து அவன் நின்றுவிட்டான்.

மூக்கை ஒட்டி ரெண்டு பக்கமும் அவளுக்கு உப்பு அரித்த கறுப்பு இருக்கும். அது இல்லை. உதட்டில் நிரந்தரமாகக் கிடந்த வெடிப்பு இல்லை. கண்ணின் வெள்ளை வெள்ளையாக இருந்தது. அளத்தில் வேலை பார்க்கிறவளுக்கு அது செங்கலாகத்தான் இருக்கும். குலசேகரன்பட்டினத்துப் பக்கமிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்தபோது இருந்த முகம், கொஞ்சம் சதை போட்டு, கொஞ்சம் வயசாகி, அப்படியே திரும்பி வந்திருந்தது. பதினைந்து வருச உப்பு அவள் முகத்திலிருந்து இறங்கிப்போயிருந்தது.

"சாப்ட்டியளா?"

"ம்."

"என்ன கறி?"

"மீனு. அதை விடு. நீ நெசமாவே நல்லாருக்கியா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

உதட்டைப் பார்த்தான். கீழுதடு வெளியே, தன் இடத்தில், சும்மா இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை.

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. இத்தனை மாதமாக ஒரு பொய்யைப் பிடிக்கக் காத்திருந்துவிட்டு, கையை விட்டால் உள்ளே உண்மை இருக்கிறது. அவள் நிழலில் இருக்கிறாள். நல்ல தண்ணீரில் குளிக்கிறாள். கால் வெடிப்புகூட ஆறியிருக்கும். இங்கே வா என்று எதற்குக் கூப்பிடுவது? அளத்துக்கா? மறுபடி அந்த வெள்ளைக்குள்ளா? தனக்கு ஆன மாதிரி அவள் கண்ணும் ஆகவா? தயார் செய்து வைத்த வார்த்தைக்கு இனி வேலை இல்லை. இப்போது படம் அறுந்தால் நல்லது என்று நினைத்தான். ஒரு நிமிசம் அறுந்தால் போதும், குரலை வைத்து எதையாவது சொல்லிவிடலாம். படம் அறுந்துபோகவில்லை.

"மேடம் இன்னிக்குச் சொல்லணும்னாங்க" என்றாள். "என்ன சொல்லட்டும்?"

"இருந்துட்டு வா" என்றான் பாண்டியராஜ். "ரெண்டு வருசந்தான. ஓடிரும்."

அவள் போனைக் கிட்டே எடுத்தாள்.

"அதை எங்க பாத்துச் சொல்லுதிய?"

"எங்க பாத்து? உன்னைப் பாத்துத்தான்."

"இல்ல. சுவத்தைப் பாத்துச் சொல்லுதிய."

"உன் மூஞ்சியத்தாண்டி பாத்துக்கிட்டிருக்கேன், மூக்கு முட்ட."

"எனக்குத் தெரியிறது உங்க காதும் கன்னமும்தான். எந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். மொதல்ல போன்ல பேசும்போதும் தலையைச் சாச்சுக்கிட்டு எங்கயோ பாப்பிய. பெரிய டிவி வாங்கிருக்கேன்னு சொன்னிய, அதுலயும் எங்கயோ பாக்கிய. ஒருநாளாவது நேரா எம்மூஞ்சியைப் பாத்துப் பேசுனியளா?" குரல் எப்போதும்போல் நிதானமாகத்தான் இருந்தது. "கோவம்னு நெனச்சேன். விட்டுட்டுப் போயிட்டாளேன்னு கோவம். சரி, எம்மூஞ்சியைப் பாக்கப் பிடிக்காத மனுசங்கிட்ட வந்து என்ன செய்ய? இங்கனயே இருந்துரலாம்னு தோணிட்டு."

பாண்டியராஜுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. அவன் அவளைப் பார்க்கும் இடம் வேறு, அவள் அவனைப் பார்க்கும் இடம் வேறு. இந்தப் பெட்டி வந்த நாள் முதல், அவன் அவள் முகத்தை நோக்கி ஒட்ட ஒட்ட நகர்ந்தபோதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது அவன் திருப்பிக்கொண்ட கன்னம்.

"ஏளா, எதைப் பாத்தா உன்னைப் பாத்தமாதிரி இருக்கும்?"

"லேப்டாப்பு மூடியில மேல நடுவுல சின்னதா ஒரு கண்ணு இருக்கும். பொட்டு மாதிரி."

அவன் ஸ்டூலை வலது பக்கம் திருப்பினான். விரலால் மூடியின் விளிம்பைத் தடவிக்கொண்டே போய் அந்தப் பொட்டைக் கண்டுபிடித்தான். விரலை எடுத்துவிட்டு, சாய்க்காமல், நேரே அதைப் பார்த்தான். பொட்டு புகைக்குள் போய்விட்டது. மூடியும் போய்விட்டது. நேர் எதிரே சாம்பல் நிறத்தில் ஒன்றுமே இல்லை.

"இப்ப?"



"இப்பப் பாக்கிய" என்றாள். குரல் மாறியிருந்தது.

"இந்து, நீ வந்திரு."

"ரெண்டு வருசம் இருன்னு இப்பத்தான சொன்னிய?"

"அது சுவத்தைப் பாத்துச் சொன்னது."

அவள் பக்கத்தில் ஏதோ பாத்திரம் சத்தம் கேட்டது. எடுத்தாளா, வைத்தாளா, தெரியவில்லை.

"அங்க நீ நல்லாருக்க. உன் மூஞ்சியைப் பாத்துட்டேன். நெசமாவே நல்லாருக்க" என்றான் புகையிடம். "அதனாலதான் இருன்னு சொன்னேன். இங்க வந்தா உனக்கு ஒன்னும் கெடையாது. எனக்குத்தான் வேணும். எனக்கு நீ இல்லாம முடியலை."

"நல்லாருந்தா வரக் கூடாதாக்கும்?" என்றாள். அப்புறம், "அசையாதிய. கிட்ட வாங்க" என்றாள். அவன் முகத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோனான். "கண்ணு ஏன் இப்படி நிக்குது? என்னைப் பாக்குது, ஆனா பாக்க மாட்டேங்குது."

சொல்லக் கூடாது என்று இருந்தான். ஆனால் அவளும் அளத்துக்காரிதான். எத்தனை பேர் கண் அப்படி நிற்பதைப் பார்த்தவள்.

"உப்பு" என்றான்.

"எம்புட்டு நாளா?"

"நீ போன மறு வருசத்துலருந்து."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"டிக்கெட்டு அவங்கதான் எடுத்துத் தரணும்" என்றாள் கடைசியில். "பேப்பரு வேலையெல்லாம் இருக்கு. கொஞ்ச நாளாகும்."

"ஆகட்டும்."

"வந்து அளத்துக்குப் போக மாட்டேன். சொல்லிட்டேன். நீங்களும் போகப்படாது."

"வா, வந்து சொல்லு."

இடது பக்கம், ஓரக்கண்ணுக்கு, மானிட்டரில் வெளிச்சம் நின்றுகொண்டிருந்தது. அதில் இந்துமதி முகம் சுளகு அகலத்துக்கு இருக்கும். இந்த நேரத்தில் அது எப்படி இருக்கிறது என்று பார்க்க அவன் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. அழுகிறாளா, சிரிக்கிறாளா, உதடு எங்கே இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை.

"திரும்பாதிய" என்றாள் இந்துமதி. "இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருங்க."

அவன் திரும்பவில்லை.